இணையத் தகவல் எழுத்தறிவு: நூலகரும் விரிவுரையாளரும் சேர்ந்து கற்பிக்க வேண்டிய பாடம்

செமஸ்டர் முடியும் தறுவாயில் ஒரு நாள் பிற்பகல், இறுதியாண்டு மாணவி ஒருவர் நூலகத்தின் உசாத்துணைப் பகுதிக்கு வந்தார். கையில் ஒரு துண்டுக் கடதாசி. ஓர் ஆங்கிலக் கட்டுரையின் தலைப்பு, எழுதியவர், சஞ்சிகை, தொகுதி, பக்க எண்கள் எல்லாம் அதில் ஒழுங்காக எழுதப்பட்டிருந்தன.

"சேர், இந்த ஆர்ட்டிகலை எப்படியாவது எடுத்துத் தாங்களேன். நெட்ல எவ்வளவு தேடியும் டவுன்லோட் பண்ணக் கிடைக்குதில்ல."

தேடிப் பார்த்தேன். எழுதியவர் உண்மையான ஆய்வாளர். சஞ்சிகையும் உண்மையானது. அந்தத் தொகுதியும் வெளிவந்திருக்கிறது. ஆனால், குறித்த பக்கங்களில் வேறொருவர் எழுதிய வேறொரு கட்டுரைதான் இருந்தது. ஒரு மணித்தியாலம் செலவான பிறகுதான் விளங்கியது: அப்படியொரு கட்டுரை எங்கும் எழுதப்படவே இல்லை.

"இதை எங்க இருந்து எடுத்தீங்க மகள்?"

"சாட்ஜிபிடிதான் சேர் தந்தது. எல்லாம் சரியாத்தானே இரிக்கி?"

அந்தப் பிள்ளையை நான் குறை சொல்ல மாட்டேன். அவர் ஏமாற்ற நினைத்திருந்தால் நூலகத்துக்கே வந்திருக்க மாட்டார். அந்த வரியை அப்படியே உசாத்துணைப் பட்டியலில் போட்டு ஒப்படையைக் கையளித்திருப்பார். வாசிக்க விரும்பியதால்தான் தேடி வந்தார். அப்படியானால் பிழை எங்கே நடந்தது? விரிவுரையாளர் அவருக்குப் பாடத்தைக் கற்பித்திருந்தார். நூலகத்தில் நாங்கள், முதலாம் வருடத்து முதல் வாரத்தில், நூலைத் தேடி எடுப்பது எப்படி என்று காட்டியிருந்தோம். இரண்டுக்கும் நடுவில் ஒரு பாடம் இருக்கிறது. அதை யாரும் கற்பிக்கவில்லை. விரிவுரையாளர் அது நூலகத்தின் வேலை என்று நினைத்தார். நாங்கள் அது துறையின் வேலை என்று இருந்துவிட்டோம்.

அந்த நடுப்பாடத்தின் பெயர்தான் தகவல் எழுத்தறிவு. அதை ஏன் இருவரும் சேர்ந்து கற்பிக்க வேண்டும், இணையவழியில் எப்படிக் கற்பிக்கலாம் என்பவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

தகவல் எழுத்தறிவு என்பது என்ன?

இச்சொல்லை முதலில் பயன்படுத்தியவர் அமெரிக்கரான போல் சுர்கோவ்ஸ்கி. 1974 இல், அந்நாட்டின் நூலக, தகவல் விஞ்ஞானத்துக்கான தேசிய ஆணைக்குழுவுக்கு எழுதிய அறிக்கையொன்றில் அவர் இதனைக் குறிப்பிட்டார். வேலைத்தளத்தில் தகவல் மூலங்களைக் கையாளப் பயிற்சி பெற்றோரையே அவர் மனதிற் கொண்டிருந்தார். 1989 இல் அமெரிக்க நூலகச் சங்கத்தின் குழுவொன்று இதற்குத் தந்த விளக்கம்தான் உலகெங்கும் பரவியது. தகவல் எப்போது தேவைப்படுகிறது என்பதை உணர்தல், அதனைத் தேடிக் கண்டடைதல், மதிப்பிடுதல், பயன்படுத்துதல் என்ற நான்கும் சேர்ந்ததே தகவல் எழுத்தறிவு என்பது அதன் சாரம்.

இந்த வரலாற்றில் இலங்கைக்கும் ஒரு பங்கு உண்டு. 2004 இல் கொழும்பில், சர்வதேச நூலகச் சங்கங்களின் சம்மேளனத்தின் ஆதரவுடன், கொழும்புப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தேசிய நூலக, தகவல் விஞ்ஞான நிறுவனத்தில் ஆசிய நாடுகளின் நூலகர்கள் கூடி ஒரு பயிலரங்கை நடத்தினர். அதன் விளைவாக உருவானது 'எம்பவரிங் எய்ட்' என்னும் எட்டுப் படிமுறை மாதிரி. இனங்காணல், ஆராய்ந்து தேடல், தெரிவுசெய்தல், ஒழுங்கமைத்தல், உருவாக்கல், முன்வைத்தல், மதிப்பிடல், பிரயோகித்தல் என்பன அந்த எட்டுப் படிகள். மேலைநாட்டு மாதிரிகளைத் தேடி ஓடும் நாம், நமது நாட்டிலேயே பிறந்த இந்த மாதிரியை ஒருமுறை நிதானமாகப் பார்ப்பது நல்லது.

அந்த எட்டுப் படிகளையும் வாசித்தால் ஒன்று தெளிவாகும். 'ஆராய்ந்து தேடல்', 'தெரிவுசெய்தல்' ஆகியவற்றில் நூலகரின் கை ஓங்கியிருக்கும். 'இனங்காணல்', 'உருவாக்கல்', 'மதிப்பிடல்' ஆகியவற்றில் பாட விரிவுரையாளரின் கை ஓங்கியிருக்கும். ஒருவரே எட்டையும் கற்பித்தால் பாதி நொண்டியாகத்தான் போகும்.

ஒரே ஒப்படை, இரண்டு கற்பித்தல்கள்

பொதுப்படையாகச் சொல்வதைவிட ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். வரலாறு அல்லது சமூகவியல் பயிலும் மாணவருக்கு விரிவுரையாளர் இப்படியொரு தலைப்பைக் கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம்: 'இலங்கைச் சோனகரின் பூர்வீகம் பற்றிய விவாதம்.'

மாணவர் செய்யும் முதல் வேலை, கைத்தொலைபேசியில் 'ஸ்ரீலங்கன் முஸ்லிம்ஸ் ஒரிஜின்' என்று அடிப்பது. ஆயிரக்கணக்கான பக்கங்கள் வந்து விழும். பெரும்பாலானவை அண்மையில் எழுதப்பட்டவை. பல, ஒன்றைப் பார்த்து மற்றொன்று எழுதப்பட்டவை. முதற் பக்கத்தில் வரும் மூன்று நான்கை வாசித்துச் சாரத்தை எழுதிவிட்டால் ஒப்படை முடிந்துவிடும். "தேடினா வருதுதானே சேர், பிறகு என்ன?" என்று கேட்கும் மாணவர் பொய் சொல்லவில்லை. வருவது உண்மை. ஆனால், மூலம் அதில் இல்லை.

இந்த விவாதத்தின் மூல ஆவணம், பொன்னம்பலம் இராமநாதன் 1888 இல் அரச ஆசியக் கழகத்தின் இலங்கைக் கிளையில் வாசித்து, அதன் சஞ்சிகையில் வெளியான கட்டுரை. இலங்கைச் சோனகர், மொழியாலும் வழக்கங்களாலும் தமிழரின் வழிவந்தவர்களே என்பது அவரது வாதம். அதற்கு ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் எழுதிய மறுப்பு 1907 இல் சிறு நூலாக வந்தது. 1957 இல் சோனகர் இஸ்லாமிய கலாசார நிலையம் அதனை மறுபதிப்புச் செய்தது. ஒன்றுக்கு மற்றது பதில். ஒன்றை மட்டும் வாசித்தவர் பாதி வழக்கைத்தான் கேட்டவர்.

இந்த இரண்டையும் மாணவர் ஏன் இலகுவில் கண்டடைவதில்லை? நூலகர் கற்பிக்க வேண்டிய இடம் இதுதான். நாட்டின் உத்தியோகபூர்வ ஆங்கிலப் பெயர் 1972 வரை 'சிலோன்'. ஆகவே 'ஸ்ரீலங்கா' என்று தேடுபவருக்கு 1888 ஆம் ஆண்டின் ஆவணம் நேரடியாக அகப்படாது. அக்காலத்து ஆங்கில எழுத்தில் நம்மவர்கள் 'மூர்ஸ்', 'மூர்மென்', 'மொஹமடன்ஸ்' என்றே குறிக்கப்பட்டனர். தமிழிலும் இதே சிக்கல்தான். சோனகர், முஸ்லிம், முஸ்லீம், இஸ்லாமியர் என்று ஒவ்வொரு காலத்திலும் ஒவ்வொரு வழக்கு. சித்திலெப்பையின் நாவலை ஒருவர் 'அசன்பேயுடைய கதை' என்று எழுதியிருப்பார். இன்னொருவர் 'அசன்பே சரித்திரம்' என்று எழுதியிருப்பார். அவரது பெயரே சித்திலெப்பை, சித்தி லெவ்வை என்று பலவிதமாக எழுதப்படுகிறது. இயந்திரம் நாம் அடிக்கும் எழுத்தை முதன்மையாகப் பார்க்கிறது. ஆகவே, தேடுவதற்கு முன்னர் ஒரு வெள்ளைத்தாளை எடுத்து, இந்த விடயம் எந்தெந்தச் சொற்களால், எந்தெந்த எழுத்துக்கூட்டலால் எழுதப்பட்டிருக்கலாம் என்று ஒரு பட்டியல் போடப் பழக்க வேண்டும். பத்து நிமிட வேலை. இதைச் செய்த மாணவரின் தேடலும் செய்யாத மாணவரின் தேடலும் ஒன்றாக இருக்காது.

அடுத்து, எங்கே தேடுவது? அரச ஆசியக் கழகக் கிளையின் பழைய சஞ்சிகைகள் ஜேஸ்டோர் தரவுத்தளத்தில் உள்ளன. உள்நாட்டு ஆய்விதழ்கள் பல 'ஸ்ரீலங்கா ஜேர்னல்ஸ் ஒன்லைன்' தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. இலங்கைத் தமிழ் நூல்கள், சஞ்சிகைகள், பத்திரிகைகளைப் பெருமளவில் திரட்டி வைத்திருக்கிறது 2005 இல் ஆரம்பமான 'நூலகம்' எண்ணிம நூலகம். முஸ்லிம் எழுத்தாளர்களின் நூல்களும் சஞ்சிகைகளும் அதில் ஏராளம். இவற்றின் பெயரைக்கூட அறியாமல் பட்டம் பெற்றுச் செல்லும் மாணவர் எத்தனை பேர்!

கிடைத்த ஒரு கட்டுரையிலிருந்து முன்னும் பின்னும் நகரும் வித்தையையும் நூலகரே காட்டலாம். கட்டுரையின் உசாத்துணைப் பட்டியல் நம்மைப் பின்னோக்கி, பழைய எழுத்துகளுக்கு அழைத்துச் செல்லும். கூகிள் ஸ்கொலரில், ஒவ்வொரு ஆக்கத்தின் கீழும் அதனை மேற்கோள் காட்டியோர் பட்டியல் இருக்கும். அது முன்னோக்கி, பிற்கால எழுத்துகளுக்கு அழைத்துச் செல்லும். இப்படி நகரும் மாணவர், அஸீஸின் மறுப்பைத் தாண்டி, பின்னாளில் காதிரி இஸ்மாயில், எம்.ஏ. நுஃமான் முதலியோர் அதே விவாதத்தை எப்படி மீளப் பார்த்தார்கள் என்பது வரை வந்து சேர்வார். அறிவு என்பது நீண்டகால உரையாடல் என்று அமெரிக்கக் கல்லூரி, ஆய்வு நூலகங்களின் சங்கம் 2016 இல் ஏற்றுக்கொண்ட தகவல் எழுத்தறிவுச் சட்டகம் சொல்கிறது. அந்தக் கருத்தை விளக்க இதைவிடப் பொருத்தமான உதாரணம் நமக்குக் கிடைக்காது.

நூலகர் இவ்வளவையும் செய்துவிட்டார். ஆவணங்கள் மாணவரின் கையில். ஆனால், இங்கேதான் நூலகரின் எல்லை வருகிறது. இராமநாதன் ஏன் அதை 1888 இல் வாசித்தார் என்ற கேள்வியை எழுப்ப வேண்டியவர் விரிவுரையாளர். இராமநாதன் அப்போது சட்டநிரூபண சபையில் தமிழ் பேசுவோரின் பிரதிநிதி. முஸ்லிம்களுக்குத் தனி உறுப்பினர் வேண்டுமா என்ற பேச்சு எழுந்திருந்த காலம் அது. அடுத்த வருடமே, 1889 இல், எம்.சி. அப்துல் ரஹ்மான் முதலாவது முஸ்லிம் உறுப்பினராக நியமிக்கப்பட்டார். இந்தப் பின்னணியோடு வாசிக்கும்போது அக்கட்டுரை வெறும் இனவியல் ஆராய்ச்சியாக மட்டும் தெரியாது. அதேபோல அஸீஸின் மறுப்பிலும், அரபு வம்சாவழியை வலியுறுத்த அவருக்கு என்ன தேவை இருந்தது என்று கேட்க வேண்டும். நம்மவர் எழுதியது என்பதற்காக அந்தக் கேள்வியை விட்டுவிடலாகாது.

ஆவணத்தைக் கண்டடைய நூலகர் வேண்டும். ஆவணத்தை விசாரிக்க விரிவுரையாளர் வேண்டும். ஒருவரின் வேலை முடியும் இடத்தில் மற்றவரின் வேலை தொடங்குகிறது. அந்த இணைப்பில் ஓட்டை இருந்தால் மாணவர் அதற்குள்ளே விழுந்துவிடுவார்.

பக்கத்துக்கு வெளியே போய்ப் பார்த்தல்

ஓர் இணையப் பக்கத்தை நம்பலாமா என்று தீர்மானிப்பது எப்படி? பல வருடங்களாக நாங்கள் நூலகங்களில் ஒரு சரிபார்ப்புப் பட்டியலைக் கொடுத்து வந்தோம். திகதி இருக்கிறதா, எழுதியவர் பெயர் இருக்கிறதா, முகவரியின் முடிவு என்ன, எழுத்துப் பிழை இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னோம். அந்தப் பட்டியலால் இன்று அதிகம் பயனில்லை. பொய்ப் பக்கம் ஒன்றை அழகாக வடிவமைக்க இப்போது சில மணித்தியாலங்கள் போதும்.

அமெரிக்காவின் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சாம் வைன்பர்க், சாரா மெக்ரூ இருவரும் 2017 இல் வெளியிட்ட ஆய்வொன்று இதைத் தெளிவாகக் காட்டியது. வரலாற்றில் கலாநிதிப் பட்டம் பெற்ற 10 பேர், தகவல் சரிபார்ப்பைத் தொழிலாகக் கொண்ட 10 பேர், ஸ்டான்போர்ட் மாணவர் 25 பேர் என 45 பேரிடம் சில இணையத்தளங்களைக் கொடுத்து மதிப்பிடச் சொன்னார்கள். வரலாற்றாசிரியர்களில் பலரும் மாணவர்களும் அந்தப் பக்கத்துக்குள்ளேயே மேலும் கீழும் வாசித்து, தளத்தின் தோற்றத்தாலும் இலச்சினையாலும் ஏமாந்தார்கள். சரிபார்ப்பாளர்களோ பக்கத்தைத் திறந்த சற்று நேரத்திலேயே அதைவிட்டு வெளியேறி, புதிய சாளரங்களைத் திறந்து, இந்த நிறுவனம் யாருடையது, மற்றவர்கள் இதைப் பற்றி என்ன சொல்கிறார்கள் என்று தேடினார்கள். குறைந்த நேரத்தில் சரியான முடிவுக்கு வந்தவர்கள் அவர்களே. இம்முறையைப் பக்கவாட்டு வாசிப்பு என்கிறார்கள்.

மத்ரஸாவில் ஓதிய மாணவருக்கு இது புதிய விடயமாகத் தோன்றாது. ஹதீஸ் கலையில், வாசகத்தை மட்டும் பார்த்து நம்பிவிடுவதில்லை. யார் அறிவித்தார், அவர் யாரிடம் கேட்டார், இருவரும் ஒரே காலத்தில் வாழ்ந்தவர்களா, அவரது ஞாபகசக்தி எப்படி என்று, வாசகத்துக்கு வெளியே போய் அறிவிப்பாளர் பற்றிய நூல்களில் தேடுகிறார்கள். அந்தக் கலையின் ஒழுங்கும் ஆழமும் வேறு. இணையத் தேடலை அதற்குச் சமமாக வைக்க நான் முனையவில்லை. ஆனால் 'இஸ்னாத் என்ன?' என்று கேட்கும் பழக்கம் நமது கல்விப் பாரம்பரியத்துக்குள் இருக்கும்போது, அதே மாணவர் வட்ஸ்அப்பில் வந்த ஒன்றை அறிவிப்பாளர் யாரென்று கேட்காமல் அனுப்புவதுதான் வியப்பாக இருக்கிறது. இஸ்லாமியக் கற்கைப் பீடங்களில் இப்பாடத்தை ஆரம்பிப்பதற்கு இதைவிடப் பொருத்தமான வாசல் இல்லை. அங்கும் அந்த வாசலைத் திறக்க வேண்டியவர் பாட விரிவுரையாளரே.

பெயர்பெற்ற சஞ்சிகையில் வந்துவிட்டது என்பதும் முடிவான சான்றாகாது. தடுப்பூசியையும் ஓட்டிசத்தையும் தொடர்புபடுத்தி அன்ட்ரூ வேக்பீல்ட் குழுவினர் எழுதிய கட்டுரை 1998 இல் 'லான்செட்' மருத்துவ சஞ்சிகையில் வெளியாகி, 2010 இல் அச்சஞ்சிகையாலேயே மீளப் பெறப்பட்டது. அதை மேற்கோள் காட்டும் பதிவுகள் இன்னும் இணையத்தில் உலாவுகின்றன. மாணவர் அக்கட்டுரையின் பழைய பிரதியை மட்டும் வாசித்தால் மீளப்பெறப்பட்ட செய்தி தெரியாமற் போகலாம். வெளியே போய்ப் பார்த்தால் உடனே தெரியும்.

செயற்கை நுண்ணறிவு தரும் உசாத்துணைகளுக்கும் இதே மருந்துதான். அவ்வகைக் கருவி அடிப்படையில், ஒரு சொல்லுக்குப் பின் எந்தச் சொல் வரக்கூடும் என்று கணித்து எழுதுகிறது. அதனால் உண்மையான ஆசிரியரையும் உண்மையான சஞ்சிகையையும் சேர்த்து, இல்லாத ஒரு கட்டுரையை மிக இயல்பாக எழுதிவிடுகிறது. 2023 இல் நியூயோர்க்கில், அப்படிப் பிறந்த போலி வழக்குத் தீர்ப்புகளை நீதிமன்றத்தில் சமர்ப்பித்த சட்டத்தரணிகளுக்கு 5,000 டொலர் அபராதம் விதிக்கப்பட்டது. படித்த சட்டத்தரணிகளுக்கே அந்த நிலை. மாணவருக்குச் சொல்ல வேண்டிய விதி ஒன்றுதான்: கையால் திறந்து, கண்ணால் பார்க்காத எதையும் உசாத்துணைப் பட்டியலில் போடாதே. கட்டுரைக்கு டிஓஐ எண் இருந்தால் அதை இட்டுப் பார். இல்லையென்றால் சஞ்சிகையின் பொருளடக்கத்தைத் திற. அதுவும் முடியாவிட்டால் நூலகரிடம் கேள்.

இணையவழியில் நடத்துவது எப்படி?

நூலகக் கல்வியைப் பாடத்தோடு பின்னும் முயற்சி இணையத்துக்கு முந்தியது. 1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் வெய்ன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் மொன்டீத் கல்லூரியில் பட்ரீசியா நெப் இதைப் பரீட்சித்துப் பார்த்தார். இந்தியானா மாநிலத்தின் ஏர்ள்ஹாம் கல்லூரியில் 1962 முதல் நூலகராக இருந்த எவன் ஃபார்பர் அதைப் பல தசாப்தங்கள் நடைமுறைப்படுத்திக் காட்டினார். அவர்களிடமிருந்து நாம் எடுக்க வேண்டிய பாடம் எளிமையானது. மாணவருக்குத் தேவை வரும் நேரத்தில், அவர் செய்ய வேண்டிய ஒப்படையோடு சேர்த்துக் கற்பித்தால்தான் மனதில் நிற்கும். முதல் வாரத்தில் ஒரு மணித்தியாலம் நூலகத்தைச் சுற்றிக் காட்டினால் எது எந்த மாடியில் என்பதுகூட மறந்துவிடும்.

2020 இல் பல்கலைக்கழகங்கள் மூடப்பட்டபோது, இலங்கைக் கல்வி, ஆய்வு வலையமைப்பான 'லேர்ன்' ஊடாகச் சூம் வசதி கிடைத்தது. விரிவுரைகள் இணையத்துக்குப் போயின. மூடில் தளத்தில் ஒவ்வொரு பாடநெறிக்கும் ஒரு பக்கம் வந்தது. அந்தப் பக்கம் இன்றும் இருக்கிறது. நூலகரும் விரிவுரையாளரும் சந்திக்க வேண்டிய இடம் அதுதான். நடைமுறையில் பயன் தரக்கூடிய சிலவற்றைச் சொல்கிறேன்.

முதலாவது, செமஸ்டர் தொடங்க முன்னர் இருவரும் அரை மணித்தியாலம் பாடத்திட்டத்தை வைத்துக்கொண்டு உட்கார வேண்டும். எந்த ஒப்படைக்கு எந்தத் தேடல் திறன் வேண்டும், அதை எந்த வாரத்தில் கற்பிப்பது என்ற இரண்டையும் தீர்மானித்தால் போதும். இந்த அரை மணித்தியாலம் இல்லாமல் பிறகு செய்வதெல்லாம் ஒட்டுவேலைதான்.

இரண்டாவது, மூடிலில் அந்தப் பாடநெறிக்குள் நூலகரையும் கற்பிப்போராகச் சேர்க்க வேண்டும். நூலகத்தின் தனிப் பக்கத்துக்கு மாணவர் போவது அபூர்வம். பாடநெறிப் பக்கத்துக்குப் போகாமல் இருக்க முடியாது. ஒப்படை அறிவித்தலுக்குக் கீழேயே 'நூலகரிடம் கேளுங்கள்' என்று ஒரு கேள்வி-பதில் பகுதி இருந்தால், ஒருவர் கேட்ட கேள்விக்கான பதில் நூறு பேருக்கும் பயன்படும்.

மூன்றாவது, இரண்டு மணித்தியாலச் சூம் வகுப்பைவிட, ஐந்து நிமிடக் காணொளிகள் நான்கு மேலானவை. நம் பிள்ளைகளில் கணிசமானோர் கைத்தொலைபேசியிலேயே படிக்கிறார்கள். டேட்டா போட்டுத்தான் பார்க்க வேண்டும். ஒரு காணொளியில் ஒரு திறன் மட்டும்: சொற்பட்டியல் போடுவது, மேற்கோள் குறிக்குள் தேடுவது, உசாத்துணையைச் சரிபார்ப்பது, பக்கவாட்டு வாசிப்பு. பேச்சுத் தமிழிலேயே சொல்லலாம். தேடற் சொல் ஆங்கிலமாக இருந்தாலும், ஏன் அந்தச் சொல்லைத் தெரிவு செய்தோம் என்ற விளக்கம் தாய்மொழியில் இருக்கட்டும்.

நான்காவது, தேடலுக்கும் புள்ளி கொடுக்க வேண்டும். இதை நான் மிக அழுத்திச் சொல்வேன். ஒப்படையோடு ஒரு பக்கத் 'தேடற் குறிப்பேடு' கேட்கலாம். எங்கே தேடினேன், என்ன சொற்களை இட்டேன், எதைக் கைவிட்டேன், ஏன் கைவிட்டேன், எந்தத் தகவலை எப்படிச் சரிபார்த்தேன் என்று மாணவர் எழுத வேண்டும். நூறு புள்ளியில் இருபதை இதற்கு ஒதுக்கி, அந்தப் பகுதியை நூலகர் திருத்தட்டும். செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்தியிருந்தால் அதையும் மறைக்காமல் எழுதலாம் என்று அனுமதித்தால், மாணவர் ஒளிக்காமல் பேசுவார், நாமும் திருத்தலாம். புள்ளி இல்லாத வேலையை மாணவர் செய்ய மாட்டார் என்பது நாம் எல்லோரும் மாணவராக இருந்து கண்ட உண்மை.

தடைகள் எங்கே?

இத்தனையும் தெரிந்தும் ஏன் நடப்பதில்லை? எனது பக்கத்திலிருந்தே ஆரம்பிக்கிறேன். நூலகர்களாகிய எங்களுக்கு ஒரு தயக்கம் உண்டு. பாடம் தெரியாதவன் வகுப்புக்குப் போய் என்ன பேசுவது என்று நினைப்போம். அதனால் கருவியை மட்டும் காட்டிவிட்டு வந்துவிடுவோம். 'இந்தப் பொத்தானை அழுத்துங்கள், இது வரும்' என்பதோடு எங்கள் வகுப்பு முடிந்துவிடும். பொத்தான்கள் வருடத்துக்கு வருடம் மாறும். சிந்திக்கும் முறை மாறாது. அதைக் கற்பிக்க எங்களுக்கே பயிற்சி வேண்டும்.

விரிவுரையாளர்களின் பக்கத்தில் வேறொரு சிக்கல். பாடத்திட்டம் நிரம்பி வழிகிறது. அதற்குள் இன்னொருவருக்கு நேரம் கொடுப்பது கடினம். அதோடு, 'இதெல்லாம் மாணவருக்கு இயல்பாகவே தெரியும், போனோடு பிறந்த பிள்ளைகள்' என்ற எண்ணமும் இருக்கிறது. போனை வேகமாகத் தட்டுவது வேறு, தகவலை எடைபோடுவது வேறு. ஸ்டான்போர்ட் ஆய்வில் ஏமாந்தவர்களுள் கலாநிதிப் பட்டம் பெற்றவர்களும் இருந்தார்கள் என்பதை நினைவிற் கொண்டால், இதில் எவரும் வெட்கப்பட ஒன்றுமில்லை.

தமிழில் போதிய பயிற்சிப் பொருட்கள் இல்லை என்பதும் பெரிய குறை. இணையத்தில் கிடைக்கும் வழிகாட்டிகளில் பெரும்பாலானவை ஆங்கில உதாரணங்களோடு வருகின்றன. சோனகர் விவாதம் போன்ற நமது உதாரணங்களை வைத்து நூலகரும் விரிவுரையாளரும் சேர்ந்து தயாரித்தால், அதை எல்லாப் பல்கலைக்கழகங்களும் கல்வியியற் கல்லூரிகளும் பயன்படுத்தலாம்.

ஒப்படைக்கு அப்பால்

இதெல்லாம் புள்ளிக்கும் பட்டத்துக்கும் உரிய விடயம் மட்டும்தானா? நமது சமூகத்துக்கு இதன் விலை தெரியும்.

2018 பெப்ரவரி 26 ஆம் திகதி இரவு, அம்பாறை நகரில் முஸ்லிம் ஒருவரின் உணவகத்தில் சாப்பாட்டில் மலட்டு மாத்திரை கலக்கப்பட்டதாக ஒரு கதை பரவியது. கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. அது மாவுக் கட்டிதான் என்று அரச பகுப்பாய்வாளரின் அறிக்கை பின்னர் சொன்னது. உணவில் கலந்து ஒருவரை நிரந்தரமாக மலடாக்கும் மாத்திரை எதுவும் மருத்துவத்தில் இல்லை என்பதை அன்றிரவே பத்து நிமிடத்தில் தேடி அறிந்திருக்கலாம். தேடியவர்கள் குறைவு, பகிர்ந்தவர்கள் அதிகம்.

2020 இல் கொவிட் ஜனாஸாக்களை எரிக்க வேண்டுமென்று விதிக்கப்பட்டபோது, அடக்கினால் நிலத்தடி நீர் மாசடையும் என்ற கருத்து எங்கும் பேசப்பட்டது. உலக சுகாதார நிறுவனம் அந்த வருடம் மார்ச் 24 ஆம் திகதியே வெளியிட்ட இடைக்கால வழிகாட்டியில், தொற்றுநோயால் இறந்தவரைத் தகனம் செய்தே ஆக வேண்டும் என்பது பரவலான ஒரு தவறான நம்பிக்கை எனத் தெளிவாகக் குறிப்பிடப்பட்டிருந்தது. அந்த மூல ஆவணத்தைத் திறந்து, பக்கத்தைக் காட்டி வாதாடியவர்களின் குரலுக்குத் தனிப் பலம் இருந்தது. அடக்கம் செய்யும் அனுமதி 2021 பெப்ரவரியில்தான் வந்தது. ஆவணம் கையிலிருந்தால் உடனே நீதி கிடைக்கும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஆவணம் இல்லாமல் நியாயம் கேட்பது இன்னும் கடினம்.

அதே காலத்தில் நமது வட்ஸ்அப் குழுக்களிலும் ஆதாரமற்ற மருந்துகளும் கதைகளும் சுற்றின. பொய்யால் பாதிக்கப்படும் சமூகம் பொய்யைப் பரப்பும் சமூகமாகவும் இருக்க முடியும். அதனால்தான் இக்கல்வி மற்றவர்களைத் திருத்துவதற்கு முன் நம் வீட்டுக்கே வேண்டும் என்கிறேன். இன்று பல்கலைக்கழகத்தில் இருக்கும் மாணவர்கள் நாளை ஆசிரியர்கள், மௌலவிமார், பத்திரிகையாளர்கள், அதிகாரிகள். அவர்கள் பழகும் பழக்கம் அவர்களோடு நிற்காது.

தொடங்கிய இடத்துக்கு வருகிறேன். அந்த மாணவியோடு உட்கார்ந்து, அவரது தலைப்புக்கு மறுபடி சொற்பட்டியல் போட்டோம். அன்று மாலையே இரண்டு உண்மையான கட்டுரைகள் அகப்பட்டன. ஒன்று அவர் நினைத்த வாதத்துக்கு நேர் எதிராக இருந்தது. "சேர், இது நான் எழுதினதுக்கு மாறாச் சொல்லுதே, இப்ப என்ன செய்யிற?" என்று கேட்டார். "இதை உங்க விரிவுரையாளர்ட கொண்டுபோய்க் கேளுங்க மகள்" என்றேன். அடுத்த நாள் விரிவுரையாளரே தொலைபேசியில் பேசினார். அடுத்த செமஸ்டருக்கு முன் ஒரு நாள் உட்கார்ந்து பேசுவோமா என்று கேட்டார். இத்தனை வருடம் ஒரே வளாகத்தில் வேலை செய்கிறோம். பாடத்திட்டத்தைப் பற்றி நாங்கள் பேசியது அதுதான் முதல் தடவை.